பின்வேலிக்கு அப்பால் ஐந்து டேங்குகள்

குழு: பாட்டி வீட்டு முற்றம்

மீனா (காலை 6:48)
அனைவருக்கும் வணக்கம். டென்வருக்கு வடக்கே, கொலராடோ மாநிலத்தின் வெல்ட் கவுண்டியில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பினோம். விலை எங்கள் சக்திக்குள் இருக்கிறது, பள்ளியும் நடந்து போகும் தூரம்தான். ஆனால் பின்வேலிக்கு அப்பால், ஒரு புல்தரையைத் தாண்டி, மணல் நிறம் பூசிய ஐந்து பெரிய டேங்குகள் நிற்கின்றன. நான் தோட்டத்தில் நின்ற பத்து நிமிடத்தில் பெட்ரோல் பங்க்கில் அடிப்பது போன்ற வாடை இரண்டு முறை வந்து போனது. வீட்டைக் காட்டிய முகவர், பழைய எண்ணெய்க் கிணறுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு இது ஐந்தாவது மாதம் என்பதால் மனம் ஒப்பவில்லை. கயல், நீ காற்றைத்தானே ஆராய்கிறாய், உன் கருத்தைச் சொல்.

பெரியம்மா (காலை 6:55)
மீனா, வாடை அடிக்கிற இடத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதற்காகக் குடியிருக்க வேண்டும்? வேறு வீடு கிடைக்காதா?

கயல்விழி (காலை 7:02)
அக்கா, வேலியிலிருந்து டேங்குவரை எவ்வளவு தூரம் இருக்கும்?

மீனா (காலை 7:06)
கைப்பேசி வரைபடத்தில் அளந்தேன், 430 அடி வருகிறது.

கயல்விழி (காலை 7:21)
அப்படியானால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிணற்றிலிருந்து எண்ணெய், நீர், வாயு மூன்றும் கலந்துதான் மேலே வருகின்றன. செப்பரேட்டர் என்ற கலனில் அவற்றைப் பிரித்து, எண்ணெயை டேங்குக்கு அனுப்புவார்கள். அங்கே அழுத்தம் சட்டென்று குறைவதால், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குவதுபோல, எண்ணெயில் கரைந்திருந்த வாயுக்கள் வெளிவருகின்றன. மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றோடு சிறிதளவு பென்சீனும் அதில் இருக்கும். மீத்தேனுக்கு வாடை கிடையாது. உங்களுக்கு அடித்தது அதனோடு சேர்ந்து வரும் கனமான ஆவிகளின் வாடை. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட செய்தி.

குமார் சித்தப்பா (காலை 7:34)
கயல் சொல்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குவைத்தில் இருந்த 14 ஆண்டுகளில் எண்ணெய் மட்டத்தை அளக்க எத்தனையோ முறை டேங்கின் மேல் ஏறி மூடியைத் திறந்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் தெரியாது, ஆனால் மூடிக்கு மேலே இருக்கும் காற்று மட்டும், தார்ச்சாலையில் கானல் நெளிவதுபோல் நெளியும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் திறக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை இப்படி டேங்கை அளக்கவும் மாதிரி எடுக்கவும் போன இடத்தில் ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததாகப் பின்னாளில் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையில் படித்தபோது, எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்து அன்று இரவு உறக்கம் வரவில்லை. மூடியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தாலே போதும், மாதக்கணக்கில் வாயு கசிந்துகொண்டிருக்கும், எவர் கண்ணிலும் படாது.

தாத்தா (காலை 7:50)
குழந்தாய் கயல், எனக்கு ஓர் ஐயம். அந்த ஊரில் நெடுஞ்சாலையும் ஆயிரக்கணக்கான வண்டிகளும் இருக்கின்றன. காற்றில் இருப்பது கிணற்றிலிருந்து வந்ததா, வண்டியிலிருந்து வந்ததா என்று எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர்மேல் பழி சொல்லலாகாது.

கயல்விழி (காலை 8:09)
மிகச் சரியான கேள்வி, தாத்தா. அடுக்களையிலிருந்து வரும் மணத்தை வைத்தே தாளித்தது கடுகா சோம்பா என்று பாட்டி கூடத்திலிருந்தபடி சொல்லிவிடுவார் அல்லவா? இதுவும் அதைப் போன்றதுதான். பென்டேன் என்ற வாயுவில் ஐசோ, நார்மல் என்று இரு வகை உண்டு. பெட்ரோல் வண்டிகள் விடும் காற்றில் ஐசோ வகை மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். கிணற்று வாயுவிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். எரீ என்ற ஊரருகே நின்றிருந்த 300 மீட்டர் கோபுரத்தில் 2011ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அளந்தபோது இந்த விகிதம் சமத்தை ஒட்டியே இருந்தது. ஓசோனை உண்டாக்கக்கூடிய கரிம ஆவிகளின் வினைத்திறனில் பாதிக்கும் மேற்பட்டது எண்ணெய், எரிவாயுத் தொழிலிலிருந்து வந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அக்கா பார்த்த வீடு இருக்கும் அதே வெல்ட் கவுண்டிதான், கொலராடோவின் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் எடுக்கப்படும் இடம்.

அதே கோபுரத்து மாதிரிகளையும், ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலைகளில் சுற்றி அளந்தவற்றையும் வைத்து 2012இல் வந்த மற்றோர் ஆய்வு, அங்கே எடுக்கப்படும் வாயுவில் சுமார் 4 விழுக்காடு காற்றில் கலந்துவிடுகிறது என்றது. எழுத்துக் கணக்கில் இருந்ததைப்போல் அது ஏறக்குறைய இரு மடங்கு. இந்தக் கணக்குகள் பெரும்பாலும் வால்வு இத்தனை, டேங்கு இத்தனை, ஒவ்வொன்றிலும் சராசரியாக இவ்வளவு கசியும் என்று பெருக்கிக் கூட்டுபவை. சித்தப்பா சொன்ன தேய்ந்த விளிம்பும், திறந்தபடி மறந்துபோன மூடியும் அந்தச் சராசரியில் சரியாக அடங்குவதில்லை. 2018இல் நாடு முழுவதற்குமான அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அரசு மதிப்பீட்டைவிட மீத்தேன் கசிவு 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஏட்டில் இருப்பதை நம்பி இருந்துவிடாமல் காற்றை நேராக அளக்க வேண்டும் என்று நான் எங்கு போனாலும் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரியம்மா (காலை 8:20)
ஓசோன் வானத்தில் இருந்து நம்மைக் காப்பது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அது எப்படிக் கெடுதலாகும்?

கயல்விழி (காலை 8:38)
மேலே இருக்கும்போது காவல், நாம் மூச்சு விடும் உயரத்தில் இருந்தால் நுரையீரலுக்குக் காயம், பெரியம்மா. கரிம ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இது உண்டாகிறது. அதனால் கோடைக்கால நகரங்களின் நோய் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். வயோமிங் மாநிலத்தில் மக்கள் அதிகமில்லாத ஓர் எரிவாயு வயல் பகுதியில், 2008ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அளவு ஏறியதை மறுவருடம் வெளியிட்டபோது பலர் வியந்தார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று யூட்டா மாநிலத்தின் யூயின்டா படுகையில் கிடைத்தது. அது சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற நிலம். அங்கே 2012 குளிர்காலத்தில் பனி போதவில்லை, ஓசோனும் ஏறவில்லை. 2013இல் பனி நன்றாகப் படிந்திருந்தது, ஓசோன் நூறு கோடியில் 140 பங்கைத் தாண்டியது. அப்போதைய நாட்டு வரம்பு 75. இரண்டு ஆண்டும் கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பனி மூடிய நிலத்தின்மேல் குளிர்ந்த காற்று தேங்கிக் கிடக்க, மேலேயுள்ள சூடான அடுக்கு அதைப் பாத்திரத்து மூடிபோல் அழுத்திக்கொள்கிறது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புவதால் ஒரே ஒளி அந்த ஆவிகளின் ஊடே இரண்டு முறை கடந்துபோகிறது. தப்ப வழியில்லாத வாயு, இரட்டிப்பு ஒளி, இரண்டும் சேர்ந்தால் சமையல் விரைவாக நடக்கிறது. அதே படுகைமேல் 2012 பிப்ரவரியில் விமானத்தில் பறந்து அளந்தவர்கள், உற்பத்தியில் 6.2 முதல் 11.7 விழுக்காடு மீத்தேன் கசிவதாகக் கண்டார்கள்.

சென்ற குளிர்காலத்தில் நானும் அங்கே இரண்டு வாரம் தங்கி மாதிரி எடுத்தேன். தலைக்கு மேலே நீல வானம், காலடியில் முழங்கால்வரை பனி, எதிரே இருக்க வேண்டிய மலை மட்டும் பழுப்புத் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தது. மூன்றாம் நாள் பிற்பகலில் தொண்டை கரகரத்தது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் தம் சிறுமகனுக்கு ஆஸ்துமாக் குழாயைப் பிடித்துக்கொண்டே, பனி உருகினால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார். அந்தக் காட்சி என் மனத்தைவிட்டு இன்றும் அகலவில்லை.

தாத்தா (காலை 8:51)
படிக்கவே நெஞ்சு கனக்கிறது. மீனாவின் நிலைக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது, அதைச் சொல்லம்மா.

கயல்விழி (காலை 9:10)
கொலராடோ அரசு 2019 அக்டோபரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கிணற்றிலிருந்து 300 அடி முதல் 2,000 அடிவரை வசிப்பவர்களுக்குக் காற்று என்னவாக இருக்கும் என்று கணினியில் கணித்துப் பார்த்த ஆய்வு அது. காற்று மோசமாக அமையும் நேரங்களில் 2,000 அடியில்கூட தலைவலி, தலைச்சுற்றல், கண் எரிச்சல் போன்றவை நேரலாம் என்றது. அதிலும் பாறையைப் பிளக்கச் செலுத்திய நீர் திரும்பி மேலேறும் நாட்களில்தான் பென்சீன் உச்சம் தொடுகிறது. அதை அடுத்து, 2021 ஜனவரியிலிருந்து புதிய கிணறுகளுக்கு வீடுகளிலிருந்து 2,000 அடி இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது, சில விலக்குகளோடு. ஆனால் அக்கா, இதை நன்றாகக் கவனியுங்கள். கிணறு வீட்டை நோக்கி வந்தால்தான் அந்த மாநில விதி. ஏற்கெனவே இருக்கும் கிணற்றின் அருகே வீடு கட்டினால் அது பொருந்தாது, உள்ளூர் நிர்வாகம் எவ்வளவு விடச் சொல்கிறதோ அவ்வளவுதான். 430 அடியில் புது வீடு எழும்பியது இதனால்தான்.

கருவுற்றவர்களைப் பற்றிய ஆய்வும் உண்டு. டெக்சஸின் ஈகிள் ஃபோர்டு பகுதியில் 2012 முதல் 2015 வரை நடந்த பிரசவங்களைப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் கிணற்றில் வேண்டாத வாயுவை இரவில் எரிப்பது பத்து முறையோ அதற்கு மேலோ பதிவான இடங்களில் வாழ்ந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு 50 விழுக்காடு கூடியிருந்தது. ஒவ்வொரு தாய்க்கும் இப்படி நேரும் என்பதல்ல இதன் பொருள். டெக்சஸ் அளவுக்கு உங்கள் பகுதியில் வாயுவை எரிப்பதும் இல்லை, கொலராடோ வழக்கமான எரிப்பை 2020இலேயே தடை செய்துவிட்டது. பயமுறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் மறைத்துவிட்டால் பிறகு என்னையே என்னால் மன்னிக்க முடியாது.

குமார் சித்தப்பா (காலை 9:18)
எரிப்பதைப் பற்றி ஒரு சொல். கொழுந்து எரிந்தால் வாயு முழுவதும் எரிந்துபோகிறது என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம், 98 விழுக்காடு என்பார்கள். பலத்த காற்றடித்த இரவுகளில் கொழுந்து அணைந்துபோய் வாயு அப்படியே வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதிவைத்தும் மேலே இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. இதை எவராவது அளந்திருக்கிறார்களா, கயல்?

கயல்விழி (காலை 9:24)
அளந்தார்கள், சித்தப்பா. மூன்று பெரிய படுகைகளில் விமானத்தில் புகைக்குள்ளேயே பறந்து அளந்து 2022இல் வெளியிட்டார்கள். எரிகின்றவற்றின் குறையையும் அணைந்து கிடந்தவற்றையும் சேர்த்தால், உண்மையில் அழிவது 91.1 விழுக்காடு மீத்தேன்தான். நீங்கள் எழுதிவைத்தது சரியே.

குமார் சித்தப்பா (காலை 9:26)
கேட்க நிறைவாக இருக்கிறது அம்மா.

மீனா (காலை 9:41)
எல்லாவற்றையும் இவரிடம் படித்துக் காட்டினேன். அந்த வீடு வேண்டாம் என்று முகவருக்கு எழுதிவிட்டோம். அடுத்து பார்க்கப்போகும் வீட்டுக்கு எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தின் இணைய வரைபடத்தைத் திறந்து, 2,000 அடிக்குள் ஓடும் கிணறு, மூடிய கிணறு, இனி தோண்ட அனுமதி கேட்டிருப்பது மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஆனால் என் மனத்தில் ஒன்று உறுத்துகிறது. பக்கத்து வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று முற்றத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அந்தத் தாய்க்கு இவை எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அந்த வாடையைப் பற்றி யாரிடமாவது சொல்ல வழி உண்டா?

கயல்விழி (காலை 9:52)
உண்டு. ஆணையத்திடமும் மாநிலச் சுகாதாரத் துறையிடமும் எவரும் புகார் எழுதலாம். கண்ணுக்குத் தெரியாத ஆவியைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவோடு ஆய்வாளரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் சில இடங்கள்தான் மொத்தக் கசிவில் பாதியை விடுகின்றன, அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு மூடியைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துபோகும். நீங்கள் நின்ற நாள், நேரம், காற்றின் திசை மூன்றையும் மறப்பதற்குள் எழுதிவையுங்கள். சனிக்கிழமை ஆய்வகத்து எஃகுக் குடுவை ஒன்றோடு நானும் வருகிறேன். அந்தத் தாய் சம்மதித்தால் அவர்கள் வேலியோரம் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குடுவையால் எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் புகாரோடு இணைக்க ஓர் எண் கையில் இருக்கும். காலையில் நிலத்தை ஒட்டிய காற்று அசையாமல் கிடக்கும், ஆறு மணிக்கு முன்பே போய்விட வேண்டும்.

குமார் சித்தப்பா (காலை 9:55)
மீனா வண்டியைவிட்டு இறங்க வேண்டாம். குடுவையைத் திறக்கும்போது கயல் டேங்குப் பக்கம் முகம் கொடுத்து நிற்காதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்துவிட்டு உடனே விலகிவிடு.

பெரியம்மா (காலை 9:57)
இருவரும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.