மறு: சான்று ‘ஏற்கப்பட்டது’ என்றால் எந்த ஏற்பு?

நண்பர்களுக்கு வணக்கம்.

“அந்த ஆவணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது” என்று செய்தியில் ஒரு வரி வருகிறது. சான்றாவணமாகக் குறியீடு செய்தார்கள் என்று பொருளா, அதில் இருப்பதை நீதிபதி நம்பினார் என்று பொருளா? படிப்பவருக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் ஐயமே. சான்றை நீதிமன்றத்துக்குள் எடுக்கலாமா (admissibility) என்பதற்கும், எடுத்தபின் அதை எவ்வளவு நம்பலாம் (weight) என்பதற்கும் ‘ஏற்புடைமை’ என்ற ஒரே தமிழ்ச் சொல் போதும் என்று இங்கே எழுந்த கருத்தை இதனால்தான் நான் ஏற்கவில்லை. அது இரண்டு வாசல்களுக்கும் ஒரே சாவியைத் தருகிறது.

முதல் வாசலில் சட்டம் நிற்கிறது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலம் முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியே எழாது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டுவதும் உண்டு. “ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்” என்று சொல்லி, கத்தியும் கிடைத்தால் அந்தப் பகுதி செல்லும். “அந்தக் கத்தியால்தான் அவரைக் குத்தினேன்” என்ற மீதி செல்லாது. புலுகுரி கோட்டய்யா வழக்கில் 1946இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த கோடு இது.

இரண்டாவது வாசலில் நீதிபதியின் மதிப்பீடு. மரண வாக்குமூலம் சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் இல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. சொன்னவர் தெளிந்த நினைவோடு இருந்தாரா, பக்கத்தில் இருந்தவர் யாரும் சொல்லிக்கொடுத்தார்களா என்பதெல்லாம் அதன் பிறகுதான் பார்க்கப்படும். நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும்.

முதலாவதற்கு என் பரிந்துரை ‘அவையேறு தகுதி’. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நாம் சொல்லிவருவது இந்த ஏற்றத்தைத்தான். பழமொழியில் தடுக்கப்படுபவர் ஆள். சட்டத்தில் தடுக்கப்படுவது சான்று. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தவர் யாரும் சாட்சிக்கூண்டில் ஏறலாம். ‘அவை’ என்றால் சட்டப்பேரவை நினைவு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சட்டமன்றம் ‘மன்றம்’ என்பதை எடுத்துக்கொண்டபோது நீதிமன்றம் கோபிக்கவில்லையே!

இரண்டாவதற்கு ‘சான்றெடை’ என்ற முன்மொழிவு தவறில்லை. எடைபோடுவது நம் வழக்கம்தான். இருந்தாலும் ‘சான்றுவலு’ மேல். வலுச் சேர்த்தது, வலுவிழந்தது, வலுவற்றது என்று வினையும் அடையும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. எடைக்கு இத்தனை வசதி கிடையாது. ‘சான்றுத்தூக்கம்’ வேண்டவே வேண்டாம். மதிய அமர்வில் அது தானாகவே வந்துவிடும்.

தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகத் திரும்பும் பிறழ்சாட்சியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: “பிறழ்சாட்சியின் வாக்குமூலம் அவையேறும்; அதன் வலு குறையலாம், ஆனால் அது முழுதும் அழிந்துவிடாது.” சட்ட நிலையும் இதுதான், வாக்கியமும் இடறவில்லை. ‘ஏற்புடைமை’யை வைத்து இதையே எழுதிக் காட்ட முடிந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சாட்சியம், சான்று, ஆதாரம் என்ற மூன்றையும் பிரிக்கும் வேலையை அடுத்த மடலுக்கு ஒத்திவைப்போம். இப்போதைக்கு வாய்மொழிக்குச் சாட்சியம், எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சான்று என்று கொள்ளலாம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.