ரெண்டர் வேலையை (கம்ப்யூட்டர் வீடியோவை உருவாக்கி முடிக்கும் நீண்ட வேலை) மூடாமல் பாதியில் நிறுத்தி வைப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். லினக்ஸ் மெஷின். கல்யாண வீடியோ எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற வீடியோ மாற்றும் புரோகிராமில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வருவார். வீடியோ சிபியு முழுவதையும் பிடித்துக்கொள்வதால் போட்டோ எடிட்டர் நகராது. கட்டளை தட்டும் டெர்மினலில் கன்ட்ரோல் இசட் அழுத்துவேன், வேலை அப்படியே நின்றுவிடும். போட்டோவைக் கொடுத்து அனுப்பிவிட்டு எஃப்ஜி (fg) என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆனால் பிஜி (bg) கொடுத்துப் பின்னணிக்கு அனுப்பினால் சில நேரம் மறுபடி நின்றுவிடுகிறது. ஏன்?

— நாகர்கோவிலிலிருந்து: அண்ணே, எஃப்எஃப்எம்பெக் ஓடும்போதே நாம் அழுத்தும் கீயையும் கவனிக்கும். பின்னணியில் இருக்கும் புரோகிராம் கீபோர்டைப் படிக்கப் போனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை நிறுத்திவிடும். கீபோர்டைக் கவனிக்காதே என்று சொல்ல, கட்டளையில் மைனஸ் நோஸ்ட்டின் (-nostdin) சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும். டெர்மினலில் தொடங்காத வேலை என்றால் ஓடும் வேலைக்கு சிஸ்டம் கொடுக்கும் பிஐடி எண்ணைப் பார்த்து, கில் கட்டளையில் ஸ்டாப் சிக்னல் அனுப்பலாம். எந்தப் புரோகிராமும் அதை மறுக்க முடியாது. திரும்ப ஓட கான்ட் சிக்னல். வேலைகளைப் பட்டியலிடும் டாப் (top) கட்டளையில் பார்த்தால் நின்ற வேலைக்கு நேரே டி (T) என்ற எழுத்து இருக்கும். விண்டோஸ்காரர்கள் ரிசோர்ஸ் மானிட்டரில் ரைட் கிளிக் செய்தால் சஸ்பெண்ட் இருக்கிறது. சிஸ்டம் புரோகிராம்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

— குலசேகரத்திலிருந்து: எனக்கு இது மழைக்காலத்தில்தான் பெரிய உதவி. நம்ம மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ரப்பர் மரக்கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியதும் பிளெண்டர் என்ற அனிமேஷன் புரோகிராமில் ஓடும் ரெண்டரை நிறுத்திவிடுவேன். சிபியு சும்மா இருப்பதால் மின்சாரம் குறைவாக இழுக்கும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் ஒன்று, நிறுத்தியது சேமித்ததாகாது. எல்லாம் ரேமில்தான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு. அதனால் நான் நேரடியாக வீடியோவாக எடுப்பதே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமையும் பிஎன்ஜி படமாக எழுதச் சொல்வேன். கரண்ட் வந்ததும் கடைசிப் படத்தைப் பார்த்து அடுத்த எண்ணிலிருந்து தொடங்கிவிடலாம்.

— மார்த்தாண்டம்: நோஸ்ட்டின் போட்டதும் பிஜியில் நிற்காமல் ஓடுகிறது, நன்றி தம்பி. ரேம் விஷயம் இப்போது புரிகிறது. வீடியோவை நிறுத்தியும் போட்டோ எடிட்டர் சில நேரம் திணறும். நின்ற வேலை ரேமை விடாமல் வைத்திருக்கிறது, அதுதான் காரணம். அப்புறம், டவுன்லோடை இப்படி நிறுத்தினால் என்ன ஆகும்?

— நாகர்கோவில்: ரொம்ப நேரம் நின்றால் அந்தப் பக்கம் சர்வரே இணைப்பைத் துண்டித்துவிடும் அண்ணே. அதற்கு டவுன்லோடு கட்டளையான டபிள்யூகெட்டில் (wget) மைனஸ் சி (-c) போடுங்கள். அறுந்தாலும், சர்வர் அனுமதித்தால், மிச்சத்தை மட்டும் இறக்கும்.