திண்ணையில் ஆயா, கையில் கேமரா

குழு: கடலூர் வீடு

நான் (காலை 6:40): மாமா, எழுந்துவிட்டீர்களா? புதுக் கேமரா வாங்கிப் பத்து நாள் ஆகிறது. கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். ஆட்டோவில் எல்லாம் நன்றாக வருகிறது. எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவலுக்குத் திருப்பினால் ஒன்று வெள்ளைவெளேர், இல்லை ஒரே இருட்டு. நேற்று ராத்திரி பூஜை அறையில் எடுத்ததைப் பாருங்கள்.

நான்: (படம்)

புதுச்சேரி அக்கா: விளக்கு அழகாக வந்திருக்கிறது தம்பி. ஆயா முகம்தான் ரெண்டாகத் தெரிகிறது.

மாமா (6:55): ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு வைத்தாய்?

நான்: கவனிக்கவில்லை மாமா. வியூஃபைண்டரில் கீழே வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் குறி நடுவுக்கு வரும்வரை டயலைத் திருப்பினேன்.

மாமா: அந்தப் படத்தைத் திரையில் போட்டு டிஸ்ப் பட்டனை அழுத்து, விவரம் எல்லாம் வரும். ஸ்டுடியோவில் ஃபிலிம் போட்டு எடுத்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் குறித்து வைப்பேன். 36 படமும் முடிந்து, கழுவி, பிரிண்ட் கைக்கு வந்த பிறகுதான் தப்பு எங்கே என்று தெரியும். உனக்கு அந்த நொடியே தெரிகிறது.

நான்: 1/8. அப்பர்ச்சர் 5.6. ஐஎஸ்ஓ 400.

மாமா: அதுதான் சங்கதி. ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தே இருந்திருக்கிறது. அதற்குள் ஆயா தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டார். விளக்கு அசையவில்லை, அதனால் கூர்மையாக விழுந்திருக்கிறது. லென்ஸில் உள்ள ஐஎஸ் என்கிற நடுக்கம் தாங்கும் வசதி உன் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆயா அசைவதை ஒன்றும் செய்யாது.

மாமா: குறியை நடுவில் நிறுத்துவது கடைசி வேலை. எதை எடுக்கப்போகிறாய் என்று முதலில் பார். ஆள் என்றால் ஷட்டரை முதலில் முடிவு செய். சும்மா உட்கார்ந்து பேசுகிறவருக்கு 1/125, கைவேலை செய்கிறவருக்கு 1/250. அப்புறம் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, முடிந்த மட்டும் திற. அதுவும் போதவில்லையா, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்று. நேற்றைய அறைக்கு ஜூமை 18இல் வைத்து, அப்பர்ச்சர் 3.5, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 3200 வைத்திருக்கலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். வரட்டும். முகம் கலைந்துபோனால்தான் திரும்பக் கிடைக்காது.

நான்: 3.5 வைத்தால் ஜூம் செய்யும்போது தானாக 5.6 ஆகிவிடுகிறதே மாமா. ஏதாவது கோளாறா?

மாமா: இல்லை கண்ணு. லென்ஸ் முகப்பைப் பார், 3.5-5.6 என்று போட்டிருக்கும். 18இல் 3.5 வரை திறக்கும், 55இல் 5.6 வரைதான். எண் சின்னதானால் துளை பெரிது, அதை மட்டும் மறக்காதே.

புதுச்சேரி அக்கா (7:20): மாசி மகத்துக்கு நாங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறோம். தீர்த்தவாரியை நீதான் எடுத்துத் தரவேண்டும்.

நான்: கண்டிப்பாக அக்கா.

மாமா: நல்ல வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 8, ஷட்டர் 1/400 என்று தொடங்கு. மணலில் நின்று லென்ஸைக் கழற்றவே கழற்றாதே. கடற்காற்றில் உப்பு படியும். வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்துவிடு. லென்ஸ் கண்ணாடிக்கு அந்தத் துணி வேண்டாம்.

அம்மா (8:10): ஆயா திண்ணையில் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் போய் எடு.

நான் (8:42): மாமா, முதலில் 1/250. ஜூமை 55க்குப் போட்டு, அப்பர்ச்சரை 5.6 திறந்து, விரலுக்குக் கிட்டத்தில் போனேன். ஐஎஸ்ஓ 400இல் ரொம்ப இருட்டு, 800க்கு ஏற்றினேன். குறி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், அதாவது இருட்டுப் பக்கம்தான் நிற்கிறது. பதினேழு எடுத்தேன், இது ஒன்றுதான் மனசுக்குப் பிடித்தது.

நான்: (படம்)

புதுச்சேரி அக்கா: ஐயோ, நார் விரலைச் சுற்றி முடிச்சு விழும் இடம் அப்படியே நிற்கிறதே! கட்டைவிரல் நகத்தில் காம்புக் கறைகூடத் தெரிகிறது. பின்னால் இருக்கிற செம்பருத்தி வேலி வெறும் பச்சையாகக் கரைந்திருக்கிறது.

மாமா: குறி இடப்பக்கம் நின்றது நல்லதுதான். ஆயா கட்டியிருப்பது கருநீலச் சேலை, அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றச் சொல்லும். நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால் மல்லி எல்லாம் வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும். இப்போது ஒவ்வொரு இதழும் தனித்தனியாக இருக்கிறது. அருமையாக எடுத்திருக்கிறாய்.

அம்மா (9:05): ஆயாவிடம் காட்டினேன். "என் விரலு இப்படியா வளைஞ்சு போச்சு" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பித் தராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மாமா: இந்தப் படத்தை எனக்கு டாக்குமெண்ட்டாக அனுப்பு, சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும். 8க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துவருகிறேன்.