ரெண்டு மானிட்டர், ஸ்கிரீன்ஷாட் பாதிதான் வருகிறது. அவசர உதவி!

திருப்பூர்_பில்லிங் | காலை 10.12
எல்லோருக்கும் வணக்கம். நேற்று வரை நன்றாக வந்த ஸ்கிரீன்ஷாட் இன்று பாதிதான் வருகிறது. ஓரம் வெட்டுப்படுகிறது, இல்லாவிட்டால் முழுக்கக் கருப்பு. ரெண்டு மானிட்டர் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன். மாலைக்குள் எங்கள் பில்லிங் மென்பொருளுக்குப் படத்தோடு மேனுவல் அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன் | 10.20
கேபிள்தான். விஜிஏ எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போட்டிருப்பீர்கள், மலிவாக வாங்கியிருப்பீர்கள். கழற்றி, ஊதி, மறுபடி சொருகுங்கள்.

தென்றல்_86 | 10.24
விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? பிரிண்ட் ஸ்கிரீன் கீயா, தனி மென்பொருளா? ரெண்டு மானிட்டரும் ஒரே அளவா? நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது?

மூத்த_முனி | 10.31
படத்திலும் பாதி இல்லை, கேள்வியிலும் பாதி இல்லை. நல்ல பொருத்தம். இதே சிக்கல் இங்கே எத்தனையோ முறை அலசப்பட்டுவிட்டது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது. தவிர, அது ஸ்கிரீன்ஷாட் இல்லை, திரைப்பிடிப்பு.

மதுரை_பென்குவின் | 10.40
லினக்ஸுக்கு வந்துவிடுங்கள். இந்தத் தொல்லையே கிடையாது.

தென்றல்_86 | 10.43
பென்குவின், மனசாட்சியோடு பேசுங்கள். லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11 காலத்தில் எந்த மென்பொருளும் முழுத் திரையையும் கேட்காமலே எடுக்கலாம். அதற்கடுத்து வந்த வேலேண்டில் அப்படி முடியாது, போர்ட்டல் என்ற இடைத்தரகர் வழியாக அனுமதி கேட்டாக வேண்டும். அங்கேயும் பழைய மென்பொருளுக்குக் கருப்புப் படம்தான் கிடைக்கும்.

திருப்பூர்_பில்லிங் | 10.58
விண்டோஸ் 11. லேப்டாப்பும் தனி மானிட்டரும். ஆபீஸில் ஒரு சின்ன மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள், எஃப்9 அழுத்தினால் படம் எடுத்து 001, 002 என்று பெயர் போட்டு ஃபோல்டரில் வைத்துவிடும். 140 படம் வேண்டும், அதனால் அதை விட முடியாது. எதையும் மாற்றவில்லை.

வயர்மேன் | 11.02
தம்பி, கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா?

திருப்பூர்_பில்லிங் | 11.05
தம்பி இல்லைங்க, அக்கா. வயது 44. கேபிளில் படம் நன்றாகத்தானே தெரிகிறது?

தென்றல்_86 | 11.07
அக்கா, வெட்டுப்பட்ட படம் ஒன்றைப் போடுங்கள். கூடவே முழுத் திரை எப்படி இருக்கிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்.

திருப்பூர்_பில்லிங் | 11.09
அது வந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? போனில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

மூத்த_முனி | 11.15
அலை அலையாகக் கோடு, நடுவில் ட்யூப்லைட், ஓரத்தில் டீ டம்ளர். கணினி வைத்திருப்பவர்கள் கணினித் திரையைப் போனில் படம் எடுக்கும் காலம் வந்துவிட்டது.

தென்றல்_86 | 11.18
கோடு வருவதற்கு அவர் என்ன செய்வார்? திரையின் புள்ளி வரிசையும் போன் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான் வரும். எனக்கு வேண்டியது டீ டம்ளருக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. பில்லின் வலது கீழ் மூலையில் உள்ள நிகரத் தொகைக் கட்டம் சேமித்த படத்தில் இல்லை, டாஸ்க்பாரும் இல்லை. ஆனால் இடது மேல் மூலை அப்படியே இருக்கிறது. அக்கா, அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அகலம் உயரம் எவ்வளவு?

திருப்பூர்_பில்லிங் | 11.26
1280, 720.

தென்றல்_86 | 11.28
லேப்டாப் திரை 1920க்கு 1080. டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேல் 150 சதவீதம். சரியா?

திருப்பூர்_பில்லிங் | 11.31
ஆமாம்! எப்படித் தெரியும்? ஜோசியமா?

தென்றல்_86 | 11.44
வகுத்தல் கணக்குதான். 1920ஐ 1.5ஆல் வகுத்தால் 1280, 1080ஐ வகுத்தால் 720. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று விண்டோஸ் 150 வைத்திருக்கிறது. பழைய மென்பொருளுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. அது குழம்பக் கூடாது என்று "உன் திரை 1280க்கு 720" என்று விண்டோஸ் ஒரு பொய் சொல்லிவைக்கிறது. அது அந்தப் பொய்யை நம்பி, உண்மையான திரையின் இடது மேல் மூலையிலிருந்து அந்த அளவு மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் போச்சு.

கருப்பு எப்போது வருகிறது? வெளி மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது?

சொல்லேர் | 11.50
முனி ஐயாவுக்கு: திரைப்பிடிப்பு என்றால் இடுப்புப் பிடிப்பு மாதிரி இருக்கிறது. நான் திரைச்சொட்டு என்றுதான் எழுதுகிறேன்.

மூத்த_முனி | 11.55
ஷாட் என்பது சொட்டா? ஒலி ஒத்துப்போனால் போதுமா? சொட்டினால் திரை நனையும், படம் வராது.

சொல்லேர் | 12.01
ஒலியும் பொருளும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டி வருவதுதான் நல்ல கலைச்சொல். பிடிப்பு என்று சொன்னால் ஃபோட்டோவா வீடியோவா என்றே தெரியாது.

வயர்மேன் | 12.04
ஸ்கிரீன்ஷாட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. விடுங்கப்பா.

திருப்பூர்_பில்லிங் | 12.20
மானிட்டர் இடப்பக்கம். பில்லிங் அங்கே திறந்திருந்தால் கருப்பு, லேப்டாப்பில் திறந்திருந்தால் வெட்டு. நேற்று சாயங்காலம்தான் பழைய கம்ப்யூட்டருக்குப் பதில் இந்த லேப்டாப்பைக் கொடுத்தார்கள். அது முக்கியமா?

தென்றல்_86 | 12.22
அக்கா!!! அதுதான் முக்கியம்.

தென்றல்_86 | 12.37
சரி, கருப்புக்கு வருகிறேன். விண்டோஸில் முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலைதான் பூஜ்யம், பூஜ்யம். அதற்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் கூட்டல் எண். இடப்பக்கம் இருக்கும் மானிட்டர் மைனஸ் 1920இல் தொடங்கி மைனஸ் 1இல் முடியும். பூஜ்யத்துக்குக் கீழே உலகமே இல்லை என்று நினைத்து எழுதிய மென்பொருளாக இருந்தால் இடது மானிட்டர் அதன் கண்ணிலேயே படாது. பழைய கம்ப்யூட்டரில் ரெண்டாவது மானிட்டர் வலப்பக்கம் இருந்திருக்கும், ஸ்கேலும் 100 இருந்திருக்கும். அதனால் ஓடியது. அந்த மென்பொருளின் 'அபவுட்'டில் என்ன வருடம் போட்டிருக்கிறது?

திருப்பூர்_பில்லிங் | 12.41
2009. இது எல்சிடி மானிட்டர்தான் ஆனால்.

தென்றல்_86 | 12.55
எல்சிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி ஸ்கேல் என்பதே 2013இல் விண்டோஸ் 8.1இல்தான் வந்தது. 2009இல் எழுதியவரைத் திட்டிப் பயனில்லை.

செய்ய வேண்டியது: டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 என்று ரெண்டு கட்டம் தெரியும். மானிட்டரின் கட்டத்தை இழுத்து லேப்டாப்பின் வலப்பக்கம் விடுங்கள், மேஜையிலும் அப்படியே தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். அப்புறம் படம் எடுக்கும் அந்த மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அதில் 'ஓவர்ரைடு' என்பதில் டிக் போட்டு 'அப்ளிகேஷன்' என்று தேர்ந்தெடுங்கள். மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஸ்கேலைத் தொடாதீர்கள்.

ஒன்றும் சரிவராவிட்டால் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் சேர்த்து அழுத்துங்கள். முன்னால் இருக்கும் ஜன்னல் மட்டும் கிளிப்போர்டுக்கு வரும், எந்த மானிட்டராக இருந்தாலும் சரி.

மதுரை_பென்குவின் | 1.10
விண்டோஸ், பிரிண்ட் ஸ்கிரீன் சேர்த்து அழுத்தினால் தானே எண் போட்டு பிக்சர்ஸ் ஃபோல்டரில் சேமிக்குமே? (ஆபீஸில் விண்டோஸ்தான், சிரிக்காதீர்கள்.)

தென்றல்_86 | 1.14
சேமிக்கும். ஆனால் ரெண்டு மானிட்டரையும் ஒட்டி ஒரே நீளப் படமாகச் சேமிக்கும். 140 படத்தையும் உட்கார்ந்து வெட்ட வேண்டும்.

குறியீட்டுக்காரன் | 1.30
இதே கதை பைதானிலும் உண்டு. விண்டோஸில் பில்லோ என்ற பட நூலகத்தின் இமேஜ்கிராப்பைச் சும்மா கூப்பிட்டால் முதன்மைத் திரையை மட்டும்தான் எடுக்கும், ஆல்_ஸ்கிரீன்ஸ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். நான் ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சொல்லேர் | 2.15
அப்படியானால் 'ஆல் ஸ்கிரீன்ஸ்' என்பதற்கு அனைத்துத்திரை எனலாமா?

மூத்த_முனி | 2.20
எல்லாத்திரை. எளிமையாக இருக்கட்டும்.

தென்றல்_86 | 4.30
அக்கா, என்ன ஆச்சு?

திருப்பூர்_பில்லிங் | 5.48
முடிந்தது. செட்டிங் எல்லாம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஸ்கேலை 100 ஆக்கிவிட்டு, பில்லிங்கை லேப்டாப் பக்கம் இழுத்து வைத்து எடுத்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது. பக்கத்து சீட் அண்ணாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு 140 படமும் எடுத்தாச்சு. நன்றி.

தென்றல்_86 | 5.52
ஸ்கேலைத் தொடாதீர்கள் என்றுதானே சொன்னேன். மறுபடி 150 ஆக்கிவிட்டு அந்த 'ஓவர்ரைடு' டிக்கைப் போட்டுப் பாருங்கள், அடுத்த மேனுவலுக்காவது உதவும்.

தென்றல்_86 | மறுநாள், காலை 9.40
அக்கா?

வயர்மேன் | 9.55
கேபிளைக் கழற்றிப் பார்த்தாரா இல்லையா என்று கடைசி வரை சொல்லவே இல்லை.