கடற்கரை ஆட்டத்திலிருந்து காலேஜ் டீமுக்கு

கேள்வி: மக்களே, ஜூன்ல காலேஜ் டீம் செலக்‌ஷன். லீவு முழுக்க குமரி மாவட்டம் தூத்தூர் கடற்கரையில வெறுங்கால் ஃபுட்பால். கிரவுண்டில இறங்கினா பசங்களுக்கு பாஸ் நீளுது, கெண்டைக்கால் இறுகுது. ஏன்?

பதில் 1: மணல் பந்தைப் பிடிச்சு நிறுத்தும், அதனால ஓங்கி அடிச்சே கால் பழகிடும். உலர்ந்த மணல்ல குதிகால் புதையும், கெண்டைக்காலுக்கு இரட்டை வேலை. அலை வத்தும்போது ஈர மணல்ல ஓடுங்க. கரை சரிவு, போன தூரமே திரும்பியும் ஓடணும், இல்லன்னா ஒரு கால் முட்டு மட்டும் அடி வாங்கும். கடைசி 3 வாரம் ஷூ போட்டு கிரவுண்டில, முதல்ல 20 நிமிஷம் போதும்.

பதில் 2: பந்தையும் பாருங்க. 5-ம் நம்பர் பந்து 410–450 கிராம். தையல் வழியா உப்புத்தண்ணி குடிச்சா கனக்கும். நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. காத்தடிக்கிற ஊசியை நனைக்காம குத்தினா வால்வு போச்சு.

பதில் 3: ஜூன்ல மழை, கிரவுண்டு சேறு. குறும்பாஸ் பாதியில நின்னுடும், பந்தைத் தூக்கித்தான் போடணும். தலையால முட்டத் தெரிஞ்ச ஒருத்தன் முன்னாடி வேணும். கடற்கரைப் பசங்களுக்கு டிரிப்ளிங் (பந்தைக் காலால உருட்டிக்கிட்டே ஆளைத் தாண்டுறது) பஞ்சமே இல்ல. பின்வரிசை நாலு பேரும் சேர்ந்து ஒரே கோட்டில ஏறி, எதிர் டீம் ஆளை ஆஃப்சைடுல (பாஸ் அடிக்கும்போது பின்வரிசையைத் தாண்டி நிக்கிற தப்பு) மாட்டுறதுதான் வராது. மணல்ல எவன் மக்கா ஆஃப்சைடு பாக்கான்?