கிளாடிங்: ‘உறைப்பூச்சு’ வேண்டாம், ‘புறவேய்வு’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கட்டடத்தின் வெளிச்சுவர்மேல் பலகையோ தகடோ கல்லோ பொருத்தி மூடும் ‘கிளாடிங்’ என்பதற்கு நம் சொல்லாக்கக் குழுவில் இதுவரை உறைப்பூச்சு, சுவர்க்கவசம், புறப்போர்வை, முகப்புறை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்பு வேலையைப் பார்க்கும் கட்டடப் பொறியாளன். இலக்கணத் தகுதியைப் புலவர் ஐயா பார்த்துக்கொள்வார். ஒப்பந்தப் படிவத்தில் எந்தச் சொல் போட்டால் பின்னால் சண்டை வராது என்பதுதான் என் கவலை.

உறைப்பூச்சை முதலில் தள்ளிவிடுவோம். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு குடியிருப்பில் ‘வெளிச்சுவர் உறைப்பூச்சுப் பணி’ என்று சங்கத்தின் சுற்றறிக்கை போயிற்று. பூச்சு என்றதும் எல்லோருக்கும் பெயிண்ட் நினைவுதான். “சென்ற ஆண்டுதானே அடித்தோம், மறுபடியும் எதற்குங்க?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அதன் பிறகு கூட்டம் முழுக்க நிறத்தைப் பற்றியே பேச்சு. சந்தன நிறமா, சாம்பல் நிறமா என்று வாக்கெடுப்பு வரைக்கும் போனார்கள். உண்மையில் வரப்போவது அலுமினியச் சட்டம் அடித்து அதன்மேல் பொருத்தும் ஏசிபி ஷீட், அதாவது அலுமினியக் கூட்டுப்பலகை. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஷீட்டின் வெட்டிய விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா? மொத்தம் 4 மி.மீ. கனம். இருபுறமும் அரை மி.மீ. அளவுக்கு அலுமினியத் தகடு, மீதி முழுவதும் நடு அடுக்கு. அந்த நடு அடுக்கு வெறும் பாலிஎத்திலினாக இருக்கலாம். தீயைத் தாக்குப்பிடிக்கும் கனிமத்தூள் பெரும்பங்கு கலந்ததாகவும் இருக்கலாம். சுவரில் ஏறிவிட்டால் வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சாரத்தடியில் துண்டு ஒன்றை லைட்டரில் காட்டி, “பாருங்கள், எரியவில்லை” என்று சொல்லும் வித்தையை நம்பவே நம்பாதீர்கள். சட்டத்தோடும் இடைவெளியோடும் சேர்த்துச் சோதித்த ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேளுங்கள்.

இதனால்தான் சுவர்க்கவசத்தையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சொல் அழகானது. கோயில்களில் வெள்ளிக் கவசம் சாத்துவதைப் பார்த்துப் பழகிய நமக்கு உடனே புரியும். ஆனால் கவசம் என்ற பெயரே ‘இது காக்கும்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்துக்கு 2016இல்தான் புதிதாக இப்படிப் பலகை பொருத்தி முடித்தார்கள். 2017 ஜூன் 14 அன்று நான்காம் மாடி வீடொன்றில் குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ, வெளியே வந்து பாலிஎத்திலின் நடுவைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறியது. சுவருக்கும் பலகைக்கும் இடையே இருந்த வெளி புகைபோக்கியாக வேலை செய்தது. 72 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியும் பொருளைத் தடைசெய்தார்கள். இதற்குப் பிறகும் அதைக் கவசம் என்று அழைப்பது விற்பவருக்கு நாம் இலவசமாக விளம்பரம் எழுதிக் கொடுப்பது போலாகும்.

முகப்புறை பற்றி அதிகம் பேச வேண்டாம். நம் ஊரில் ‘எலிவேஷன் வேலை’ என்றால் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும்தான். பக்கச்சுவருக்கும் பின்சுவருக்கும் முகப்பு ஏது?

புறப்போர்வை முன்வைத்த அம்மையாரிடம் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. போர்த்துதல் என்று வினையும் கிடைக்கிறது. ஆனால் போர்வை ஒரே துணி, உடம்போடு ஒட்டிக் கிடப்பது. இங்கே நடப்பது வேறு. துண்டு துண்டாகப் பலகை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இணைப்பு இடைவெளி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்று. மூன்று மீட்டர் நீள அலுமினியத் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ மூன்று மி.மீ. நீளும். சித்திரை மாதத்துப் பிற்பகலில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சூடு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இணைப்பில் நீளுவதற்கு இடம் விடாவிட்டால் பலகை உப்பிக்கொண்டு நிற்கும்.

என் பரிந்துரை வேய்தல். பெயராக்கினால் புறவேய்வு.

தோட்டத்துச் சாளைக்குக் கூரை வேய்வதைப் பாருங்கள். முதலில் மூங்கில் சட்டம். கீற்றைத் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் விழும்படி கட்டிக்கொண்டே போவார்கள். மழைநீர் வழிந்து இறங்கிவிடும், காற்று ஊடே போய்வரும். நல்ல கிளாடிங்கின் அமைப்பும் அச்சு அசல் இதுதான். வெளிப்பலகை பெருமழையைத் தடுக்கும். தப்பி உள்ளே போன நீர் இடைவெளியில் வடிந்து அடியில் வெளியேறும். மிச்ச ஈரத்தைக் காற்று உலர்த்தும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது வடவள்ளி, பேரூர்ப் பக்கத்து மேற்குச் சுவர்கள் ஓதம் ஏறிக் கறுத்துப் போவதைக் கண்டவர்களுக்கு இந்த வடிகால் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். சிலிகோன் பசையை அப்பி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற ஒப்பந்தக்காரருக்கும் இந்தச் சொல் ஒரு பாடம் சொல்லும்.

> வேய்தல் கூரைக்கு மட்டும் உரியதல்லவா, சுவருக்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்விதான் ஐயா. ஆனால் மாலை வேய்வதும் முடி வேய்வதும் பழைய வழக்கே. உலோகத்துக்கும் ஆட்சி உண்டு: தில்லைச் சிற்றம்பலத்தைப் ‘பொன் வேய்ந்த’ சோழ மன்னன் பராந்தகனை அறிவோம். அவன் தந்தை ஆதித்தன் அந்த முகட்டில் அணிவித்தது கொங்குப் பொன் என்ற மரபும் இருக்கிறது. கொங்குக்காரன் இதைச் சொல்லாமல் விடுவானா!

> குடிசை நினைவு வருகிறதே, அடுக்குமாடி விற்பவர்கள் இந்தச் சொல்லைத் தொடுவார்களா?

தொடமாட்டார்கள், ‘கிளாடிங்’ என்றே விளம்பரம் செய்வார்கள். நாம் சொல் தேடுவது வீடு வாங்கியவருக்கும் சங்கச் செயலாளருக்கும். குடிசை நினைவு வருவதில் ஒரு நன்மையும் உண்டு. வேய்ந்தது எரியுமா என்று கேட்பது நம் மக்களுக்கு இயல்பு.

கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. வேய்பலகை, வேய்தகடு, வேய்கல், வேய்சட்டம், வேய்விடைவெளி. இவற்றில் வேய்கல்லை மட்டும் கவனமாக வரையறுக்க வேண்டும். கரூர், சேலம் பக்கத்துக் கிரானைட் நமக்கு எளிதில் கிடைப்பதால் பலரும் கல்லையே விரும்புகிறார்கள். எரியாது, வெளுக்காது, நல்லதுதான். ஆனால் 20 மி.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும். அதே பரப்புக்கு ஏசிபி ஷீட் ஐந்தரை கிலோவுக்குப் பக்கம். உயரத்தில் அத்தனை எடையை வெறும் சிமெண்ட் கலவையில் ஒட்டுவது ஆபத்து. துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஆகவே கிளாம்பில் நிற்பது வேய்கல், கலவையில் ஒட்டியது ஒட்டுகல் என்று பிரித்துவிடலாம். கொத்தனார்களும் ‘டைல்ஸ் ஒட்டுவது’ என்றுதான் பேசுகிறார்கள், அதனால் குழப்பம் வராது.

நடு அடுக்குக்குப் புதுச்சொல் எதுவும் தேட வேண்டாம். ‘நடு அடுக்கு’ என்றே இருக்கட்டும். இடைவெளி வழியாகத் தீ மேலேறாமல் ஒவ்வொரு மாடி மட்டத்திலும் வைக்கும் தடுப்புக்குத்தான் சொல் வேண்டும். ‘தீமறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், முழு நிறைவு இல்லை. அடுத்த ஒப்பந்தப் படிவம் இந்த மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அதையே போட்டுவிடுகிறேன்.