மறு: மறு: ‘ஆப்டிமைசேஷன்’ (வெள்ளிக்குள் வேண்டும்)

தக்கலை, கல்லூரி ஆசிரியை:
போக்குவரத்து வலையமைப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆப்டிமைசேஷனுக்கு, அதாவது இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேர்வதற்கு, தமிழில் ‘உகப்பாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். 1952இல் போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் பிரித்துச் சொன்ன இரண்டு நிலைகளும் அதில் வருகின்றன. அவரவர் தன் வழியை மட்டும் பார்த்தால் ‘பயனர் சமநிலை’. எல்லாருடைய பயண நேரமும் சேர்ந்து மிகக் குறைவாக இருந்தால் ‘அமைப்பு உகப்பு’. மறுப்பு உண்டா?

கோட்டாறு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
உண்டு அம்மா. “உகப்பே உயர்தல் உவப்பே உவகை” என்பது தொல்காப்பிய உரியியல். நீங்களோ நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறீர்கள். பருந்து உகக்கும், பேருந்து உகக்குமா? ‘செவ்விதாக்கம்’ என்று வையுங்கள்.

மார்த்தாண்டம், மென்பொருள்காரர்:
சார், ‘முருகனுக்கு உகந்த நாள்’ என்றால் யாரும் உயரத்தையா நினைக்கிறார்கள்? ஆனால் இரண்டு சொல்லுமே எங்கள் ஆபீசில் ஓடாது. ‘சீராக்கம்’ போதும்.

ஆசிரியை:
வடசேரியில் போலீஸ்காரர் கைகாட்டுவதும் சீராக்கம்தானே தம்பி? 1968இல் ஜெர்மன் கணிதவியலாளர் பிரேஸ் காட்டிய முரணைப் பாருங்கள். பாடக் கணக்கு இது: 4000 வண்டி, இரண்டு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒரு துண்டுக்கு எப்போதும் 45 நிமிடம். மற்ற துண்டுக்கு, அதாவது நெரிசல் துண்டுக்கு, அதில் போகும் வண்டிகளை 100ஆல் வகுத்த நிமிடம். ஒரு வழியில் நெரிசல் துண்டு முதலில் வரும், மற்ற வழியில் கடைசியில் வரும். பாதிப் பாதியாகப் பிரிந்தால் 65 நிமிடத்தில் போய்விடலாம். நடுவே நேரமே பிடிக்காத ஓர் இணைப்புச் சாலை போடுங்கள். எல்லாரும் நெரிசல் துண்டு இரண்டிலும் பாய்ந்து, 80 நிமிடம் ஆகிவிடுகிறது. பழைய வழிக்குத் தனியாகத் திரும்புகிறவருக்கு 85. அதனால் யாரும் மாற மாட்டார்கள். எல்லாம் சீராகத்தான் ஓடுகிறது, உகப்பு மட்டும் இல்லை.

நாகர்கோவில், பொறியாளர்:
அது கிடக்கட்டும். சாலைகள் கூடும் புள்ளியான ‘நோடு’க்கு ஏன் ‘கணு’? நம்மூரில் ‘முக்கு’ இருக்கிறதே.

தமிழாசிரியர்:
அருமை! மலையாளத்திலும் முக்குதான், அதனால் அது நம் சொல் இல்லை என்றாகாது. மூன்று தெரு கூடுவதால் முக்கு என்பது என் துணிபு.

மென்பொருள்காரர்:
அப்போ நாலு தெரு கூடினால் நாக்கா சார்?

தமிழாசிரியர்:
மக்களே, சொல்லாராய்ச்சியில் கேலி வேண்டாம்.

ஆசிரியை:
மூன்று பேர் தனி மடலில் ‘உகப்பாக்கம்’ சரி என்றார்கள். அப்படியே அனுப்பிவிட்டேன், முதல் தடவை வருமிடத்தில் பக்கத்தில் ஆப்டிமைசேஷன் என்றும் இருக்கும். கணு கணுவாகவே போகிறது.

தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குப் பணிகிறேன், இசையவில்லை. ‘உவப்பாக்கம்’ என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.